தனியாகப் பதிவான விசும்பல்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு என் ஜீப்பில் வந்த அந்தப் பெண் பத்திரிகையாளருக்குக் குழைவான குரல். பெண்கள் பிரச்சினை, அரசியல், சினிமா என்று எல்லாம் பேசும் பாட்காஸ்ட் நடத்துகிறாராம். கைத்தறிப் புடவை, காதில் பெரிய வளையம். யார் எது சொன்னாலும் தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடித் திறப்பார்.

பிரசவத்துக்குப் போகும் வழியில், இதே ஜீப்பில், குழந்தையைப் பறிகொடுத்த பெண்ணைத்தான் பேட்டி எடுக்க வந்திருந்தார். அவள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த நாளைச் சொல்லச் சொல்ல, அன்று வண்டி ஓட்டிய நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவரோ மடியில் போனை வைத்து, ஏதோ சினிமா டிரெய்லருக்கு வந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து உள்ளே போனதும் மைக்கை வாயருகே இழுத்தார். "ம்ம்..." என்றார். பிறகு "ஐயோ..." என்றார். கடைசியாக மூக்கை உறிஞ்சி ஒரு விசும்பல். அது திருப்தியாக இல்லைபோல, இன்னொன்றும் விசும்பினார்.

"இன்னாங்க இது? அந்தப் பொண்ணு பேசும்போதே அழுதிருக்கலாமே?" என்றேன்.

"அப்ப அழுதா ரெண்டு குரலும் கலந்துடும்ணா. இத அப்புறமா சேர்த்துக்கலாம்" என்று சிரித்தார். "ஆமா, இங்க நல்ல பலாப்பழம் எங்க கிடைக்கும்?"

நான் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

போன வாரம் என் மனைவி சமைத்துக்கொண்டே போனில் அந்தப் பேட்டியைக் கேட்டாள். குழந்தை அசையவில்லை என்று அந்தப் பெண் சொன்ன இடத்தில் கச்சிதமாக வந்து விழுந்தது விசும்பல். இரண்டாவதாக எடுத்தது.

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாருய்யா, இன்னா மனசு இந்தம்மாவுக்கு!"