குறைச்சுடுப்பா

“கொஞ்சம் குறைச்சுடுப்பா.” குப்பை மேட்டுக்குத் தீ வைக்க என் பெரிய மாமா சொல்லும் வார்த்தை அதுதான். கொளுத்து என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக் குப்பையை அள்ளும் கான்டிராக்ட் அவரிடம் இருந்தது. தரம் பிரித்துப் புதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் அள்ளினார், ஏரிக்கரையில் கொட்டினார், அதோடு சரி. மேடு உயர்ந்தால் ஒரு தீக்குச்சி. கேரி பேக்கும் சைக்கிள் டியூபும் காலி சாய டப்பாவும் நாள்கணக்கில் புகையும். எங்கள் பிள்ளையார்பாளையமே இருமும். யாராவது முறையிட்டால் மூக்கை உறிஞ்சிக் காட்டி, “எனக்கு ஒண்ணும் நாத்தம் தெரியலையேப்பா” என்பார். இந்த மனிதருக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்த தெருக்காரர்களை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அக்காவின் முகூர்த்தப் புடவையை அப்பாவே நெய்வதென்று முடிவாயிற்று. ஆயுள் முழுக்க யார் யார் வீட்டுப் பெண்களுக்கோ நெய்தவர். இது முதலாளி கொடுத்த பட்டு இல்லை, சொந்தப் பட்டு; இன்னொரு தடவை வாங்க வழியில்லை. தறியில் ஏற்ற வேண்டிய சந்தன நிறப் பாவு நூலை விடிந்ததும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவிட்டோம். ஈரம் போகும்வரை அதன்மேல் ஒரு தூசு விழக்கூடாது. அன்றைக்குப் பார்த்து மாமா மேட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தார். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கருகிய பிளாஸ்டிக் துணுக்குகள் மிதந்து வந்து ஈர இழைகளில் உட்கார்ந்தன. தட்டினால் ஒட்டிக்கொண்டன. துடைத்தால் பக்கத்து இழையும் கறுத்தது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆள் அனுப்பியதும் மாமா மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தார். தாய்மாமன், மணவறையில் முதல் மாலை அவருக்குத்தான் என்ற மிடுக்கு நடையிலேயே தெரிந்தது.

“மேட்டுலேர்ந்துதான் வந்துதுன்னு எப்படி மாப்ளே சொல்றீங்க? யாருனா வீட்ல எதையாவது எரிச்சிக்கினு இருந்திருப்பாங்க” என்றார்.

பிறகு பாவின் ஓரத்தில் ஓர் இழையைப் பிய்த்தார். சுத்தப் பட்டா கலப்பா என்று தெரிய எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற சோதனைதான். கொளுத்தினால் பட்டு, முடி கருகுவது போல நாறும். எங்கள் நஷ்டம் நிஜம்தானா என்று பார்க்கிறாராம். தெருவே புகையில் மூழ்கிக் கிடக்க, அந்த ஒற்றை இழையைப் பற்றவைத்து மூக்கருகே பிடித்தார்.

“சுத்தப் பட்டுதான்” என்றார்.

அப்பா அவரையே பார்த்தார். “இம்மாம் புகையில, அந்த ஒரு இழை மட்டும் உங்களுக்கு எப்படி மச்சான் நாறுச்சு?”

மாமா இழையைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

கான்டிராக்ட் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஏரிக்கரை இன்னும் புகைகிறது. மாமாவைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கல்யாணம் குறுக்கே வந்து என் வாயை அடைத்துவிடும். அக்கா யாரோ நெய்த கடைப் புடவையில் மணவறை ஏறினாள். முதல் மாலை மாமாவுக்கே விழுந்தது. போட்டவர் அப்பா. அவர் கையில் எடுத்துக் கொடுத்தது நான்.