நடைபாதை இல்லாத சாலையில்

1998ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்த மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கலெக்டர் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் விதிமுறைகளைப் படித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

மருமகள் ஆங்கில இலக்கியம் படித்தவள். கணவனைச் சார்ந்த விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக் கூடாது, படிக்கலாம். இந்த விதியைத் தேடிச் சொன்னவனும் நான்தான். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். விக்டோரியா ராணி காலத்து நாவல்களில் பெண்ணையும் இயற்கையையும் எப்படி ஒன்றாக வைத்து எழுதினார்கள் என்பது பாடம். நிலத்துக்கும் வேலி, பெண்ணுக்கும் வேலி. இரண்டையும் பண்படுத்த ஓர் ஆண் வருவான் என்று அவள் எழுதிய கட்டுரையைப் பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் பிறர் சொன்னது, நீ கண்டது எங்கே என்று கேட்டாராம்.

"டிராப் பண்ணிடறேன் மாமா. நான் என்னத்தக் கண்டேன்? இந்த அப்பார்ட்மென்ட் கார்ப்பெட்டைத்தான். இனிமே படிப்பே வேண்டாம்" என்றாள்.

வகுப்பிலிருந்து விலக அன்றுதான் கடைசி நாள். தவறினால் தோல்வி என்று பதிவாகிவிடும். விதி தெரிந்தவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "வாம்மா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்" என்றேன்.

காரை மகன் எடுத்துப் போயிருந்தான். பஸ் பிடிக்க நடந்தோம். நடைபாதை கிடையாது, ஓரமெல்லாம் இடுப்பளவு புல். நம் வழக்கப்படி நான் முன்னால், பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால். திடீரென்று ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. பாஸ்போர்ட், விசா என்று நான் ஒவ்வொன்றாக நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. மருமகளைத் தள்ளி அழைத்துப் போய், இந்த ஆள் உன்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகிறாரா என்று கேட்டார்.

அவர் என் மாமனார் என்றாள் இவள்.

அதனால்தான் கேட்கிறேன் என்றார் அதிகாரி.

மருமகள் சிரித்தாள். நான் வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. அதிகாரியும் சிரித்துவிட்டு விளக்கினார். இந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை; ஒரு பெண் நடந்தால், வீட்டை விட்டு ஓடுகிறாள் என்று யாராவது போன் செய்துவிடுவார்களாம்.

மருமகள் புல்லுக்குள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, அந்த நாவல்கள்லயும் இதேதான்! பொண்ணு தனியா வெட்டவெளில நடந்தா பைத்தியம்பாங்க, இல்ல ஓடிப்போறாம்பாங்க. காத்து வாங்க வந்திருப்பான்னு ஒருத்தருக்கும் தோணாது. நான் இங்கேருந்துதான் எழுதணும்."

"அப்போ கையெழுத்து?"

"அதெல்லாம் வேண்டாம் மாமா. வாங்க, இன்னும் கொஞ்ச தூரம் நடப்போம்."

காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்ற அதிகாரியிடம் நன்றி சொல்லி மறுத்தாள். அவரோ விளக்கைச் சுழலவிட்டு, எங்கள் பின்னாலேயே ஆமை வேகத்தில் வந்தார். எங்கள் கலெக்டருக்குக்கூட அப்படியொரு பந்தோபஸ்து வாய்த்ததில்லை.

அவள் புதிதாக எழுதிய கட்டுரை தேறியது. படிப்பு வளர்ந்தது. இன்று அதே பாடத்தை அவளே நடத்துகிறாள். ஒரு பெண் காரணம் சொல்லாமல் வெளியே நடக்கக் கூடாது என்று நான் படித்த எந்த ஊர் விதியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத அந்த விதியைத்தான் எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், ஆனால் அதை மீறுகிறவளை மறிக்காமல் யாராவது கொஞ்ச தூரம் கூடவே வந்தாலே போதும், அது தளர்ந்துவிடும் என்று இன்றும் நம்புகிறேன்.