மரகதம் அக்கா வீட்டுச் சிவப்புக் கோடு

போன வாரம் போத்தனூரில் எங்கள் வீட்டு கேட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாசனை என் மனைவிக்குத் தலைவலி தரும். எனக்கு மோர்த் தாகம் எடுக்கும். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நொய்யல் கரையோர ஊர்களில், வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு ஆபத்து என்று கணக்கெடுக்கும் குழுவில் இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பெயிண்ட் டப்பா தூக்குகிற பட்டதாரி, அவ்வளவுதான். கோட்டைமேட்டு ரபீக் பாய் அளவுகோல் பிடிப்பார். பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டு, சுவரில் அந்த உயரத்தில் கோடு போட்டு அளப்போம்.

கேட்பதுதான் கஷ்டம். முதலில் மோர் குடித்தாக வேண்டும். குடித்த பிறகும், "ஏனுங்ணா, இடுப்பளவுங்களா?" என்றால் "ஆமாங்க" என்பார்கள். நெஞ்சளவா என்றாலும் ஆமாங்கதான். விருந்தாளி மனம் கோணக்கூடாதென்று வெள்ளத்தையே ஏற்றி இறக்கித் தருகிற மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டால் பிரளய காலத்து நூஹ் நபியின் கப்பலைத்தான் வரவழைக்க வேண்டும் என்பார் பாய்.

மரகதம் அக்கா மட்டும் வேறு ரகம். ஆற்றை ஒட்டிய மண்சுவர் வீடு. ஜன்னலின் மேல்கட்டையில் கையை வைத்து, இதுவரைக்கும் என்றார். நான் கோடு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோடு கோணிக்கிட்டுப் போவுது கண்ணு. நான் குடுத்தது மோருதானுங்க."

பாய் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அப்புறம் அக்கா கேட்டார், "இதுக்கு மேல வராதில்லீங்க?"

இது போன தண்ணீர் வந்த இடம்தான், வரப்போகிற தண்ணீர் எதுவரை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று பாய் நிதானமாக விளக்கினார். "செரிங்க" என்றார் அக்கா. எங்கள் பக்கத்தில் செரிங்க என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.

அடுத்த முறை போனபோது கோட்டுக்கு மேலே புதிதாக ஓர் அட்டாலி. அந்தப் பரண் முழுக்க மகளின் சீர்ச் சாமான்: பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடங்கள். தை மாதம் கல்யாணம். பாய் மறுபடியும் எடுத்துச் சொன்னார். மறுபடியும் செரிங்க, மறுபடியும் மோர்.

கார்த்திகை மழையில் ஆறு கரை மீறியது. ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. அக்காவின் வீட்டுக்காரர் மாடுகளை மேடேற்றிவிட்டு வந்து கூப்பிட்டிருக்கிறார். அக்கா அட்டாலியை விட்டு இறங்கவில்லை.

"கோட்டுக்கு மேல வராதுங்க. நீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. நான் சாமானப் பாத்துக்கறேன்."

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பி வருவதற்குள் வீடு இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்கப் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் எங்களை உட்காரச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்க மேல ஒண்ணும் இல்லீங் தம்பி. அவ அந்தக் கோட்ட ரொம்ப நம்பிப்போட்டா" என்றார். பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்போது அந்தக் கரை முழுக்க கான்கிரீட் தடுப்பு, பின்னால் மனைப்பிரிவுகள். வெள்ள வரைபடத்தைக் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது, யாரும் யார் வீட்டிலும் மோர் குடிக்க வேண்டியதில்லை. பாயும் போய்விட்டார்.

அந்த மழை வடிந்ததும் புது அளவெடுக்க எங்களைத்தான் அனுப்பினார்கள். ஊரில் எல்லா இடத்துக்கும் உயரம் கிடைத்தது. அந்த ஓர் இடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று மட்டும் தெரியவில்லை. கோடு போடச் சுவர் இல்லை. கையை வைத்துக் காட்ட அக்கா இல்லை.