உப்பு மறந்த ஆடி வெள்ளி

அக்காமாரே, அண்ணன்மாரே, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே ஒரு மனுஷன் நம்மளை விட்டுத் தூரமாப் போறதைப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். என் வீட்டுக்காரர் தாப்பா ஊருக்குப் பஸ் ஓட்டுறவர். மனச்சோர்வுல படுத்தவர், மாசக்கணக்கா சுவரையே பாத்துக்கிட்டுக் கிடந்தார். பெரியாஸ்பத்திரி மருந்துல எழுந்தார். அப்புறமும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தச் சோர்வு திரும்ப வந்துட்டா?

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இனிப்பு நீர் வியாதிக்கு ரத்தம் எடுத்துப் பாக்குறீங்களே, இதுக்கு ஒரு டெஸ்ட் இல்லையா?"

"தேடிக்கிட்டு இருக்காங்கக்கா. ரத்தத்துல, எச்சில்ல, தூக்கத்துலன்னு என்னென்னவோ ஆராய்ச்சி. ஆனா இவருக்குத் திரும்ப வரும்னு அடிச்சுச் சொல்ற டெஸ்ட் இன்னும் இல்லைலா. ஏதும் மாற்றம் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

நேரா இந்தக் கோயிலுக்கு, நம்ம சிலிபின் ஆத்தாகிட்ட வந்தேன். சண்டைதான் போட்டேன்! "ரத்தத்துல தெரியாதாம் தாயே, என் கண்ணுக்காவது காட்டு. இன்னொரு தடவை அவரைத் தொலைக்க எனக்குத் தெம்பு இல்லை"ன்னு அழுதேன்.

போன ஆடி வெள்ளி, படையலுக்குச் சாம்பார் வச்சேன். சாமிக்குப் படைக்கிறதை வாயில வச்சுப் பாக்கக் கூடாதே, உப்புப் போட மறந்தது எனக்குத் தெரியலை. அவர் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுட்டு, "நல்லா இருக்கு"ன்னு எழுந்து போனார். மகள் ஒரு வாய் வச்சவ, "அம்மா, உப்பே இல்லை!"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணமான நாள்லேருந்து என் சமையலைக் குறை சொல்லாம அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குனதே இல்லை. கொஞ்ச நாளா விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு உட்காந்திருந்ததும் அப்பத்தான் உறைச்சுச்சு. முதல் தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சது.

திங்கக்கிழமையே இழுத்துட்டுப் போனேன். "ஒண்ணும் இல்லடி"ன்னார். நான் விடலை. டாக்டரம்மா அவர்கிட்டப் பேசிப் பாத்துட்டு, "நல்ல நேரத்துல வந்தீங்கக்கா"ன்னு மருந்தை மாத்திக் கொடுத்தாங்க. ஆத்தாவுக்கு விளக்கு, அவருக்கு மாத்திரை, ரெண்டையும் ஒரு நாளும் தவறவிடலை.

சில வாரம் போச்சு. ஒரு மத்தியானம் மீன் குழம்பு. ஒரு வாய்தான் வச்சார். "என்னடி, பாகான் டத்தோ கடல் தண்ணியையே கொண்டாந்து ஊத்திட்டியா?"ன்னு கத்தினார். நான் அகப்பையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். பாவம், பதறிப் போயிட்டார். "சரி சரி, அவ்வளவு மோசம் இல்லைலா"ன்னு இன்னொரு கரண்டி ஊத்திக்கிட்டார். என் தங்கமே!

ஆத்தாவை நம்புங்க. மருந்தை நிறுத்தாதீங்க, அதுவும் அவ காட்டுன வழிதான். உங்க வீட்டு மனுஷரோட சின்னச் சின்னக் குணத்தைக்கூட கண்ணுல வச்சுக்குங்க. கேட்டா அவ காட்டுவா.

இன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல் என் கைதான். எங்க வீட்டுக்காரர் அதோ, அந்தத் தூண் பக்கத்துல உட்காந்திருக்கார். இனிப்புப் பத்தலையாம்.