ஐந்தாவது வரி

"தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதிய கடிதம் எதுவும் இம்மாகுலேற்றின் மேசையைத் தாண்டாது. சிவப்புப் பேனையால் ஓரத்தில் "ஆர் விட்டது?" என்று தமிழிலேயே கிறுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். லண்டன் வெம்ப்ளியில் ஒரு கட்டட நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவில், புகார்களுக்குப் போகும் பதில்களைச் சரிபார்ப்பதில் பதினாறு வருடம். அந்த எழுத்தின் பொருள் வெள்ளைக்காரருக்கும் பழகிவிட்டது.

மெலிந்த உருவம். மூக்குக்கண்ணாடி தலைக்கு ஏறினால் கோபம் என்று அர்த்தம். சென்ற மாதம் முழுக்க அது தலையில்தான் இருந்தது.

நிறுவனத்தின் தலைமையகம் கனடாவில். அது நிற்கும் நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு நன்றி கூறும் நான்கு வரிகளை வாசித்துத்தான் மாதக் கூட்டத்தைத் தொடங்குவார்கள். இம்முறை வாசிப்பு லண்டன் கிளைக்கு வந்தது. மேலாளர் நிஷாந்த், இங்கேயே பிறந்தவர், தாளை நீட்டினார்.

"அன்ரி, நீங்க வாசிச்சா மீனிங்ஃபுல்லா இருக்கும். யாழ்ப்பாணத்தில உங்கட காணியும் போனதுதானே?"

"போகேல்லை. ஆமி பிடிச்சது. மயிலிட்டியில என்ர வளவுக்குள்ள முப்பத்தைஞ்சு வருசமா இருக்கிறான். நாளைக்கு அவன் மைக்கைப் பிடிச்சு, 'இது இம்மாகுலேற்றின்ர வளவு, நன்றி' எண்டு சொல்லிப்போட்டு அங்கேயே இருந்தா, நான் கைதட்டுறதோ?"

நிஷாந்தின் முகம் சுருங்கியது. "சொறி அன்ரி. வேற ஆரிட்டயாவது குடுக்கிறன்."

"வேண்டாம் தம்பி. நானே வாசிக்கிறன்."

அன்று வேலை முடிந்ததும் அந்த ஆதிக்குடி மக்களின் சபை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்களின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும், அவ்வளவுதான். மறுமுனையில் இருந்த பெண் ஐந்து தடவை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எந்த நிறுவனம் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: ஆற்றங்கரையில் உங்கள் நிறுவனம் கட்டும் களஞ்சியத்தை நிறுத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டோம், ஒன்றுக்கும் பதில் இல்லை.

முறைப்பாட்டுக் கடிதத்துக்குப் பதில் இல்லையாம்! இம்மாகுலேற் சிவப்புப் பேனையை எடுத்து மூன்று கடிதங்களின் திகதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். "இதை நான் கூட்டத்தில் சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண்.

கூட்டத்தன்று திரையில் இருநூறு முகங்கள். நான்கு வரிகளையும் வாசித்தார். பெயரைப் பிசகாமல் உச்சரித்தார். நிறுத்தவில்லை. மூன்று கடிதங்களின் திகதிகளையும் வாசித்துவிட்டு, "எப்போது பதில் எழுதுவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கனடாவிலிருந்த இயக்குநர், அருமையான வாசிப்பு, அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றார்.

"அன்ரி, ப்ளீஸ், காணும், நிப்பாட்டுங்கோ," என்று ஒலியை நிறுத்த நிஷாந்த் கையை நீட்டினார். இம்மாகுலேற் கணினியைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகத் திரையையே பார்த்தபடி இருந்தார்.