பாலிகைப் பயறில் வந்த தேமல்

"உங்க விதை சீக்கு விதை, தம்பி. வந்து பாருங்க."

காலையில் கடையைத் திறந்ததும் வந்த முதல் போன் இது. பேசியவர் சாரதா அக்கா. பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் பயற்றங்காய் போடுகிறவர். நான் பட்டர்வொர்த்தில் ஒரு விதைக் கடையில் இருக்கிறேன். விற்ற விதைக்கு ஏதாவது வந்தால் தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலைதான்.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "ஹாஜா, விதைதான்னா நம்ம பேரு போச்சு. இல்லன்னா எதனாலன்னு காட்டிட்டு வா. சும்மா வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க லா."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். செடி செத்தால் முதல் குற்றவாளி விதைக்காரன். அடுத்தது மழை. அதற்கடுத்து பக்கத்துத் தோட்டக்காரன். தன்மேல் பழி போட்டுக்கொண்ட ஆளை அதுவரை நான் கண்டதில்லை.

தோட்டத்தில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது, தேமல் நோய். இலைகள் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, சுருண்டு கிடந்தன. இது வைரஸ். மருந்து கிடையாது, வந்த செடியைப் பிடுங்க வேண்டியதுதான்.

விதையில் நோய் இருந்தால் நிலம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். இங்கே கிழக்கு ஓரத்து இரண்டு வரிசைகள்தான் மோசம். உள்ளே போகப் போகச் செடிகள் சுத்தமாக இருந்தன. அப்படியென்றால் அந்த ஓரத்தில் என்னவோ இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வேலியோரம் செங்கல் வைத்துப் பாத்தி கட்டி, செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, நடுவில் ஒரு சின்னப் புதர். பாசிப்பயறும் தட்டைப்பயறும் நெருக்கமாக வளர்ந்திருந்தன. எல்லா இலையிலும் தேமல். இலைக்கடியில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது.

"இது என்னக்கா?"

"மக கல்யாணத்துப் பாலிகை, தம்பி. கடல்ல கரைக்கணும்னு சொன்னாங்க, எனக்குத்தான் மனசு வரல. இங்க கொண்டாந்து நட்டேன். இது பச்சையா இருக்கிற வரைக்கும் அவ நல்லாருப்பா. இப்பத்தான் முழுகாம இருக்கா, ஜொகூர்ல."

பாலிகை என்பது கல்யாணத்தில் சுமங்கலிகள் நீர் தெளித்து முளைக்க வைக்கும் நவதானியம். அதற்குப் போட்டது மளிகைக் கடைப் பயறு. அதில் நோய் இருந்திருக்க வேண்டும். அசுவினி ஒரு செடியில் வாய் வைத்து அடுத்த செடியில் வைத்தால் போதும், வைரஸ் தாவிவிடும். பூச்சிமருந்து அடித்தாலும் அது சாவதற்குள் நாலு செடிக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். இந்தப் புதர் இருக்கும்வரை பயற்றங்காய்ப் பந்தலில் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் நான் முஸ்லிம். இன்னொரு வீட்டுச் சாங்கியத்தைப் பிடுங்கச் சொல்ல நான் யார்? "விதையில குத்தம் இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறியிருக்கலாம். முதலாளிக்கு அது போதும். மனசு கேட்கவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

அக்கா புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் புடுங்குறேன்க்கா. பாவம் வந்தா என்னோட போகட்டும்."

"வேணாம் தம்பி. நட்டது நான்."

செடியை உலுக்கினால் பூச்சி பறந்துவிடும், பையால் மூடிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்றேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து செங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரிய பிளாஸ்டிக் பையை மெல்லக் கவிழ்த்து, வேரோடு எடுத்து, வாயைக் கட்டினார். அழுதுகொண்டேதான் செய்தார், ஆனாலும் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த இரண்டு வரிசைகளையும் அப்படியே எடுத்தோம்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பயற்றங்காய் போட்டிருந்த சீனக் கிழவரைக் கூப்பிட்டு, "என் பக்கத்திலிருந்து உன் செடிக்கு நோய் வந்திருக்கும், இன்றைக்கே பார்" என்று மலாயில் சொன்னார். எங்கள் முதலாளிக்கும் போன் போட்டார். "விதை நல்ல விதை. குத்தம் என் வேலியோரம்."

அசந்துவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இப்போதெல்லாம் கடையில் ஏதாவது தப்பு நடந்தால் முதலில் என் மேசையைத்தான் பார்க்கிறேன். அக்காவிடம் கற்றது அது.

முதலாளிக்கு அடுத்து மகளுக்குப் போன் போட்டார் அக்கா. "புள்ளதாச்சிகிட்ட இப்பவே சொல்லணுமாக்கா?" என்று தடுத்துப் பார்த்தேன்.

"மறைச்சா சோறு எறங்காது, தம்பி." போனை ஸ்பீக்கரில் வைத்தார். "ஒன் பாலிகையப் புடுங்கிட்டேன்மா. சீக்கு வந்துருச்சு."



"பயத்தங்கா பொழைச்சிருமாம்மா?"

"பொழைச்சிரும்."

"அப்ப கொஞ்சம் பிஞ்சா பறிச்சு அனுப்புங்கம்மா. ரெண்டு நாளா வேற எதைத் தின்னாலும் வாந்தியா வருது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்துப் பந்தலுக்குள் நுழைந்தார்.