மகனுக்கு முன்னால் என் பெயர்

வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் ஏறியபோது எனக்கு உள்ளூரப் பெருமைதான். அப்போது கொழும்புக் கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனியில் தலைமைக் கிளாக்கராக இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். மனைவியும் மகனும் யாழ்ப்பாணத்தில். வருடத்தில் இரண்டு முறை லீவில் போவேன். ஒருமுறை போனபோது ஐந்து வயது நெருங்கிய மகன் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொழும்புக்குத் திரும்பிய கையோடு வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். முற்பணம் கேட்டார்கள், கையில் இல்லை. ஆனால் பிள்ளைக்குரிய சலுகையைக் கழிக்காமல் அந்த வருட வரியை என்னிடம் முழுதாக வாங்கியிருந்தார்கள். கூடக் கட்டியதைத் திருப்பித் தரும்படி எழுதிப் போட்டேன். அது வந்தால் வீடு, வீடு கிடைத்தால் பிள்ளை என்னோடு. மூன்று மாதம் பொறுப்பதாக வீட்டுக்காரர் சொன்னார்.

பணம் வரவில்லை, வரிக் கந்தோரின் வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. உமது குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் வேறாக இருக்கின்றன, இந்தப் பிள்ளை உமக்கு என்ன முறை?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். என் முதலெழுத்து என் தகப்பனார். என் மகனின் முதலெழுத்து நான். கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயராக எடுக்கும் துரைக்கோ, நாங்கள் மூவரும் மூன்று குடும்பம். இதை மூன்று பக்கத்தில் விளக்கி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் வைத்து அனுப்பினேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரிக் கந்தோருக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெடியன்தான்.

"பைல் துரையின்ர மேசையில கிடக்குது, அண்ணை."

"போன கிழமையும் அங்கதானே கிடந்தது?"

"ஓம். இப்பவும் அங்கதான்."

ஆறாவது வெள்ளிக்கிழமை ஒரு மாற்றம் இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் பெயர் முழுதாக, என் தகப்பனார் பெயரோடு நீளமாக இருக்கிறதாம். சம்பளப் பத்திரத்தில் நான் ஒரு முதலெழுத்தோடு சுருக்கமாக இருக்கிறேனாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

"தம்பி, உமக்கு விளங்கேல்லையே? உம்மட பேரும் இப்பிடித்தானே?" கத்திவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு விளங்குது அண்ணை. துரைக்கெல்லோ விளங்க வேணும். ரெண்டும் நீங்கள்தான் எண்டு எழுதி, உங்கட பேரைப் பிள்ளையின்ர பேருக்குப் பின்னால போட்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தாங்கோ. நானும் என்ர பிள்ளைக்கு அப்பிடித்தான் செய்தனான்."

வெளியே வந்து வாசலிலேயே நின்றேன். என் பிள்ளையை என் பிள்ளை என்று சொல்ல அவன் பெயரையே நான் புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் வீடு போய்விடும், நான் மாமாவாகவே இருப்பேன். வெட்கமாக இருந்தது. அடுத்த நாளே சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். மூன்றாம் கிழமை காசோலை வந்தது, வீட்டுக்கு முற்பணம் கட்டினேன்.

தையில் மனைவியும் மகனும் இரவு ரயிலில் வந்து இறங்கினார்கள். சத்தியக் கடதாசியில் இருந்த பெயரையே பள்ளிக்கூடத்திலும் கொடுத்தேன். முதல் நாள் இடாப்பில் பிள்ளைகளின் பெயர் கூப்பிடும்போது நான் வகுப்பு வாசலில் நின்றேன். ஆசிரியை கடைசிப் பெயரை மட்டும் வாசித்தார். என் பெயர். மகன் எழும்பவில்லை. இரண்டாம் முறை அவனைப் பார்த்தே வாசித்தார்.

"உம்மைத்தானே கூப்பிடுறன்? இது உம்மட பேர்தானே?"

அவன் எழுந்து என்னைக் கைகாட்டினான்.

"இல்லை ரீச்சர். அது என்ர அப்பாவின்ர பேர்."